அளவுக்கு இறங்காத நரம்பு

ஊசி என் விரலில் ஏறியது எனக்குத் தெரியாது. பனியனுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அப்போது அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்லாக் டைலராக இருந்தேன். பனியனின் கீழ் ஓரத்தை உள்பக்கமாக மடித்து, வெளியே இரண்டு வரித் தையல் தெரியும்படி ஓட்டுகிற மிஷின் அது. ஓட்டுவது மிஷின், மடிப்பது விரல். மடிப்பு எத்தனை கனம், உள்ளே துணி சுருண்டிருக்கிறதா, ஓரம் நழுவுகிறதா என்பதெல்லாம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தெரிய வேண்டும். கண்ணால் பார்த்துப் பார்த்து மடித்தால் பொழுது போய்விடும். நான் மடிப்பைப் பார்த்ததே இல்லை. கையை மிஷினிடம் விட்டுவிட்டு, எதிர் வரிசையில் யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சு நின்றுபோயிருக்கிறது, யார் டப்பாவில் இன்றைக்கு முட்டை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டதால், எனக்கு இருந்த படிப்பெல்லாம் அந்த இரண்டு விரலில்தான் இருந்தது.

அன்றைக்கு வெள்ளைப் பனியன் ஓடிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் பாய் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். எங்கள் வரிசைக்கு ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, திட்டுவது, திட்டிய பிறகு டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

"ஏப்பா, சாம்பிள்ல செவப்புப் பொட்டு இருந்துச்சா?"

"இல்லீங் பாய்."

"அப்பறம் நீயா எதுக்கு வெச்சுட்டு இருக்கறே?"

குனிந்து பார்த்தேன். மடிப்பு நெடுகச் சிவப்புப் பொட்டு, அளவெடுத்து வைத்த மாதிரி. ஆள்காட்டி விரலில் ரத்தம். மிஷினில் ஊசி பாதிதான் இருந்தது.

ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கிற வரை அந்த இடத்தில் வேலை நடக்கக் கூடாது. எங்கோ ஒரு வெளிநாட்டுக் குழந்தை போடுகிற பனியனில் ஊசி முனை போய்விடக் கூடாதே. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார்கள். மிஷினுக்கு அடியில் ஊர்ந்தார்கள். நானும் விரலில் பனியன் வேஸ்டைச் சுற்றிக்கொண்டு மும்முரமாகத் தேடினேன். யாரோ வேலை கெடுகிறது என்று முணுமுணுத்தபோது, "ஊசியைப் போட்டவன் எவன்டா?" என்று நானே சத்தமும் போட்டேன். கடைசியில் பாய்தான் என் கையைப் பிடித்து இழுத்து, சுற்றிய துணியை அவிழ்த்துப் பார்த்தார்.

"ஏப்பா, இங்க வெச்சுட்டுத் தரையில தேடறயே."

முனை விரலுக்குள் இருந்தது.

"வலிக்கலயா?"

"இல்லீங் பாய்."

அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர் அதற்கப்புறம் திட்டவில்லை. அவர் திட்டாமல் விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

விரல் மரத்துப்போனது அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. பல மாதமாகவே கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரமரவென்று கிடந்தன. டீ டம்ளர் கையில் இருக்கிறதா இல்லையா என்று கீழே விழுகிற சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஊற்ற ஆரம்பித்தார். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். என் சம்சாரம் அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தாள். தைத்து வருகிற பனியனைப் பரப்பிப் போட்டு ஓட்டை, கறை, தையல் கோளாறு பார்க்கிற வேலை. எதையும் விரித்துப் பார்க்காமல் விட மாட்டாள். "ஏனுங்க, ஆஸ்பத்திரி போலாங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம், "கை தூங்குது புள்ள. ஊட்டுல ஒருத்தராவது நல்லாத் தூங்கட்டும்" என்பேன். ஊசி ஏறின அன்றைக்கு அந்தப் பேச்சு செல்லவில்லை. கையைப் பிடித்து பஸ் ஏற்றினாள். எந்தக் கையைப் பிடித்திருக்கிறாள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஊசி முனையை எடுத்துவிட்டு, நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டரில் பெஞ்சு நிறைய மாசமாக இருக்கிற பெண்கள். நடுவில் நான். ஒரு நர்ஸ் வந்து, எல்லாரும் தண்ணி குடிச்சு ரெடியா இருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் குடித்தார்கள். நானும் ஒரு பாட்டிலைக் காலி பண்ணினேன். சம்சாரம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே கூப்பிடுகிற நேரத்தில் கையைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை. வேறு கவலை வந்துவிட்டது.

ஸ்கேன் டாக்டர் சின்ன வயசுப் பெண். ஊர் இந்தப் பக்கம் இல்லை என்று பேச்சில் தெரிந்தது.

"கை ஸ்கேனுக்கு எதுக்கு அண்ணா இவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"பொதுவாச் சொன்னாங்கம்மா. நாமளும் பொதுவுலதானுங்களே இருக்கறோம்."

போய்விட்டு வாருங்கள் என்று வழி காட்டினார். திரும்பி வந்து படுத்ததும் மணிக்கட்டில் ஜெல்லியைத் தடவி, ஒரு கட்டையை வைத்து மெதுவாக நகர்த்தினார். டிவியில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ ஓடியது. வெளுத்துப்போன துணியை வெளிச்சத்தில் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டி, "இதுதான் அண்ணா நரம்பு" என்றார்.

டிராக் பேண்ட் இடுப்பில் நாடா ஓடுவதற்கு ஒரு பட்டி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். என்னிடம் போய்க் கேட்டார். அந்த மாதிரி மணிக்கட்டிலும் ஒரு பட்டி இருக்கிறதாம். அதற்குள்தான் நரம்பு ஓடுகிறதாம். பட்டி இறுகிப் போனதால் நாடா நசுங்கி, பட்டிக்குள் நுழைகிற இடத்தில் வீங்கிவிட்டதாம். அந்தக் கறுப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டார். மிஷினே அளவு சொன்னது. அளவு என்றதும் எனக்கு உயிர் வந்துவிட்டது. அதுவரை அவர் பேசியது டாக்டர் பேச்சு. அளவு என்றால் எங்கள் பேச்சு.

"சைஸ் என்னங்கம்மா?"

"இருக்க வேண்டியதை விடப் பெருசு."

"எக்ஸ்எல்லுங்களா?"

சிரித்துவிட்டார். "டபுள் எக்ஸ்எல்."

அந்தப் பெண் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால், மரத்துப்போக ஊசி போடுகிறோம் என்றார்கள். "அது ஏற்கெனவே மரத்துத்தானுங் கெடக்குது, மருந்தை மிச்சம் பண்ணிக்குங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பட்டியை வெட்டித் திறந்துவிட்டு, உள்ளே தைக்காமல், மேல் தோலை மட்டும் தைத்தார்கள். ஓவர்லாக் போடாமல் விட்டால் உள்ளே பிசிறு வருமே என்று கேட்கலாம் என்று இருந்தேன். கேட்டும் இருப்பேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சம்சாரம் மாதிரி ஒருத்தி இருமினாள். சம்சாரம் வெளியேதான் இருந்தாள். ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டேன்.

கட்டோடு கம்பெனிக்குப் போனேன். என் மிஷினில் ஓர் ஒடிசாக்காரர் உட்கார்ந்திருந்தார். சீட்டில் ஸ்பாஞ்சு துண்டு வைத்து ஒரு பிடி உயர்த்திவிட்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

பாய் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"உன்ற மிஷின் உனக்குத்தாம்ப்பா. ஆனா, மறுபடி ஊசி ஏறி, அதுவும் உனக்குத் தெரியாம, பீஸ் பெட்டிக்குள்ள போயிருச்சுன்னா என்னையும் சேத்து வெளிய அனுப்பிருவாங்க. டாக்டர் என்ன சொல்றாங்க?"

"நரம்பு டபுள் எக்ஸ்எல்லுங் பாய். கொறையணும்."

"எவ்வளவுக்கு வரணும்?"

"மீடியத்துக்கு வந்தாப் போதுமுங்க."

பாயும் சின்ன வயசிலிருந்து பனியனிலேயே கிடந்தவர். தாடியைத் தடவினார். ஒரு தடவை கேட்டதும் விஷயம் அவருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. "செரி. ஸ்கேன்ல எப்ப மீடியம்னு வருதோ அன்னைக்கு வந்து உக்காரு. அதுவரைக்கும் அவன் ஓட்டட்டும்" என்றார். அளவு சரியாக வந்தால் பீஸ் பாஸ். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

வீட்டில் இருந்தேன். தையல் பிரித்தார்கள். உள்ளங்கையின் அடியில் ஒரு சின்னக் கோடு மிஞ்சியது. ராத்திரியில் அடிக்கடி சுரீர் என்று எழுப்பிவிடுகிற குடைச்சல் நின்றுபோனது. அது நின்றதும் வேறு எதுவுமே இல்லை. மூன்று விரலும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி கையில் இருந்தன. சம்சாரம் வேலைக்குப் போன பிறகு வேஸ்ட் துணியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருப்பேன். இந்தப் பின்னல் ரிப், இந்தப் பின்னல் இன்டர்லாக் என்று சரியாகச் சொல்வேன். பிறகுதான் கண்ணைத் திறந்துகொண்டு சொல்கிறேன் என்று தெரியும். கண்ணை மூடினால் எல்லாத் துணியும் ஒரே துணி.

நடுவில் கணியூரில் சம்சாரத்தின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியவில்லை, பிசைந்தது சோறா இலையா என்றும் தெரியவில்லை. இடது கையால் சாப்பிட முடியுமா, அத்தனை பேர் நடுவில். ஸ்பூன் கேட்டேன். எதிரில் இருந்த மச்சான் முறைக்காரர் விடவில்லை.

"பாருங்க மாப்ளைய, ஸ்பூன்லதான் திம்பாராம். அமெரிக்காவுக்குப் பனியன் அனுப்பி அனுப்பி ஆளே அந்த ஊராயிட்டாரு!"

"ஆமாங்க மச்சான், அடுத்த பந்தியில முள்ளுக்கரண்டி வேணும். ரசத்துக்கு" என்றேன். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது யார் கல்யாணம் என்று சம்சாரத்திடம் கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று அவள் நினைத்தாள். எனக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டர் ஜெல்லியை வைத்துத் தேய்த்தார். சுற்றிக் கோடு போட்டார்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு அண்ணா. இன்னும் வீக்கம் இருக்கு."

"டபுள் எக்ஸ்எல்லேதானுங்களா?"

"எக்ஸ்எல்னு வெச்சுக்குங்க. பொறுமையா இருங்க, மெதுவாத்தான் குறையும்."

பொறுமையாக இருந்திருப்பேன். ஆனால் கம்பெனிப் பக்கம் போய் வரலாம் என்று போனபோது, ஒடிசாக்காரர் என் மிஷின் மேல் ஒரு சாமி படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஸ்பாஞ்சை எடுத்துவிடலாம். சாமியை எப்படி எடுப்பது? யோசித்துக்கொண்டே அயர்ன் செக்‌ஷனுக்குள் போனேன்.

அயர்ன் மாஸ்டர் என் சேக்காளி, தூத்துக்குடிப் பக்கம். அளவு கொஞ்சம் கூடிப்போன பனியன்கள் அவரிடம்தான் கடைசியில் வரும். துணிக்கு விரிகிற புத்தி உண்டு. ஆவியில் காட்டி, உள்ளங்கையால் தட்டி ஓரம் சேர்த்தால் ஒரு சுற்று இறங்கிவிடும். எக்ஸ்எல் மாதிரி நிற்கிற பீஸை லார்ஜ் டேப்புக்குள் அவர் அடக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்ற இடத்தில் எனக்கு அறிவு வந்தது. எனக்கு வருகிற அறிவெல்லாம் நின்ற இடத்தில் வருவதுதான்.

"மாஸ்டரே, மணிக்கட்டுக்கு ஆவி புடிச்சா உள்ள இருக்கறது சுருங்குமுங்களா?"

"துணியே சுருங்குது, நரம்பு சுருங்காதாக்கும்? வெந்நி ஒத்தடம் எதுக்குக் குடுக்காவ?" என்றார் அவர். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு டாக்டர் ஆகிவிடுவோம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

டேபிளில் கையை மல்லாக்க வைத்தேன். மணிக்கட்டின் மேல் ஈரத் துணி போட்டு, அயர்ன் பாக்ஸை மேலே தூக்கிப் பிடித்து ஆவியை விட்டார். இதமாக இருந்தது. மணிக்கட்டில் எனக்கு உணர்ச்சி நன்றாகவே உண்டு. ரொம்ப நாளைக்குப் பிறகு கையில் ஒரு சுகம் தெரிந்தது.

"ஆட்டாம வையும் அண்ணாச்சி, அளவு தப்பிரும்."

ஆட்டாமல் வைத்தேன். விரல்களை டேபிள் ஓரத்துக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டிருந்தேன். எத்தனை சுற்று இறங்கியிருக்கும், மீடியம் வருமா என்று அவர் கேட்க, முதலில் லார்ஜ் வரட்டும் என்று நான் சொல்ல, பேச்சு அப்படியே போனது. நடுவில் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னமோ கருகுதுல்லா?"

எனக்கும் வாசம் அடித்தது. இடது கையால் பக்கத்தில் இருந்த பனியன் அடுக்கைக் கலைத்துத் தேடினேன். அவர் அடியில் இருந்ததை எல்லாம் புரட்டினார். ஒரு பீஸ் கருகினால் அவர் தலைதான் உருளும். "மேல் அடுக்குல பாருங்க, கீழ் அடுக்குல பாருங்க" என்று நான் வேறு ஏவிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கருகியிருக்கவில்லை. அப்புறம் அவர் குனிந்து டேபிளின் ஓரத்தைப் பார்த்தார். ஆவி வருகிற இரும்புக் குழாய் அங்கேதான் போகிறது. சுற்றியிருந்த துணி ஓர் இடத்தில் பிரிந்திருந்தது. என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த இடத்தில் குழாய் மேல் சாய்ந்துகொண்டு இருந்தன.

மாஸ்டர்தான் கத்தினார். நான் கையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நுனியும் வெள்ளையாக இருந்தன, வேகவைத்த மொச்சை மாதிரி. யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். "பீஸ் ஒண்ணும் போகலீங்களே?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

சம்சாரத்துக்கு செக்கிங் டேபிளில் செய்தி போய், பிசிறு கத்தரியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ரெண்டு வெரல் வெந்திருச்சு. மிச்சத்தையும் வேக வெச்சா ஒரு கொழம்பு வெக்கலாம் புள்ள."

"எனக்குச் சிரிப்பு வரலீங்க."

"சரி, வறுவலாவது..."

உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "கை மட்டுந்தான் மரத்துப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மோக்கப் போனாள். நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. நல்ல பதில்தான். சொல்லவில்லை. அவள் வருகிற வரை தட்டில் இருந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆறிக்கொண்டு இருக்கும்போதே அடுத்த ஸ்கேன் வந்தது. இந்தத் தடவை அவளும் உள்ளே வந்தாள்.

"விரல்ல என்ன அண்ணா?"

"வடை சுட்டனுங்கம்மா."

"பொய்ங்க டாக்டர்" என்றாள் சம்சாரம். "நரம்பைச் சுருக்கறேன்னு அயர்ன் டேபிள்ல ஆவி புடிச்சிருக்காரு. நீங்க எக்ஸ்எல்லுன்னு சொன்னீங்களாமா."

டாக்டர் கட்டையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் சொன்னதைக் கேட்டா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஜெல்லியை வைத்தார். வழக்கத்தைவிட மெதுவாக நகர்த்தினார். விரலை மடக்கி நீட்டச் சொல்லி, நரம்பு உள்ளே நகர்வதைக் காட்டினார். முன்னே அது அசையாமல் கிடந்ததாம். இப்போது விரலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனது. சுற்றிக் கோடு போட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"வீக்கம் நல்லா இறங்கியிருக்கு. ஆவியால இல்ல, ஆபரேஷனால." கொஞ்சம் யோசித்து, "சைஸ் எல்லாம் நான் சொல்ல மாட்டேன் இனிமே" என்றார்.

"ஒரே ஒரு தடவைங்கம்மா. மீடியமுங்களா?"

என் சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு, "மீடியம்தான்" என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுகிறேன், எந்த விரல் என்று சொல்லுங்கள் என்றார். சுண்டு விரலைத் தொட்டதும் சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க வேண்டாம் என்று "கட்டைவிரல்" என்றேன். "நடுவிரல்" என்றேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சு ஆள்காட்டி விரலின் மேல் இருந்தது. சம்சாரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, படத்துல நரம்பு சரியாகிட்டா அன்னைக்கே உணர்வு வந்திரும்னு இல்ல. ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கு. வரலாம். கொஞ்சமா வரலாம். எவ்வளவுன்னு இந்த மிஷினுக்குத் தெரியாது. இன்னும் சில மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் சூடு, ஊசி, கத்தி எது பக்கத்துல போனாலும் கண்ணால பார்த்துக்கிட்டே இருக்கணும். சரியா?"

"செரிங்கம்மா."

பாயிடம் நான் சொன்னது ஒரே வார்த்தை. "மீடியமுங் பாய்." சம்சாரம் பக்கத்தில் நின்றாள். அவள் ஒன்றும் சேர்க்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை.

பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். நேராகப் போய் ஒடிசாக்காரரை எழுப்பி வேறு மிஷினுக்கு அனுப்பினார். அந்த மனுஷர் முகம் சுளிக்கவில்லை. டேபிளைத் துடைத்து, சாமி படத்தைப் பதமாக உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சையும் எடுத்துக்கொண்டு, "பைட்டோ பையா" என்று அவர் பாஷையில் உட்காரச் சொல்லி இடம் விட்டார். உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்தேன். கால் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது.

முதல் பனியனை எடுத்து ஓரத்தை மடித்தேன். விரலுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. துணி இருந்தது, பார்க்கிறேன், இருக்கிறது. ஆனால் இல்லை. அழுத்திப் பிடித்தால் இழுபடுகிறது. விட்டுப் பிடித்தால் நழுவுகிறது. மடிப்பைக் கண்ணால் பார்த்தே மடித்தேன். எதிர் வரிசையில் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. ஒரு கட்டு முடிப்பதற்குள் பக்கத்து மிஷின்களில் கட்டு கட்டாகப் போய்விட்டது. நான் தைத்த கீழ்மடிப்பு மழைத் தண்ணீர் போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

பாய் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். எத்தனை விதமாகத் திட்டலாம் என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது. அவர் வளைந்த மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தினேன்.

"பாய், நரம்பு மீடியத்துக்கு வந்திருச்சுங்க. வெரலுக்குத்தான் இன்னும் சேதி போகலீங்க."

"வரும்ப்பா."

"வந்தா வரட்டுமுங்க. அவரைக் கூப்புட்டு உக்கார வெச்சுருங்க. ஸ்பாஞ்சோட."

பாய் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். "கண்ணு நல்லாத் தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். என்னைச் செக்கிங் டேபிளுக்கு அனுப்பினார்.

செக்கிங்கில் எல்லாம் பெண்கள். புண் ஆறி விரல் நுனி இரண்டும் கறுஞ்சிவப்பாக இருந்தன. ஒரு அக்கா பார்த்துவிட்டாள்.

"மாப்பிள்ளை மருதாணி வெச்சுட்டு வந்திருக்காருங்கோ! பொண்ணு எங்கடி?"

"இங்கதானுங்க நிக்கறேன்" என்றாள் என் சம்சாரம், தலை நிமிராமல். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்கள். வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. பனியனை விரித்துப் பார்த்து, கோளாறு இருக்கிற இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு கோளாறைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துப் பிரித்துத் தைப்பார்கள்.

எனக்கு முதலில் வந்த கட்டு நான் காலையில் தைத்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. சம்சாரத்துக்கும் தெரிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். வேறு கட்டை இழுத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள். நானே எடுத்துக்கொண்டேன். முதல் பீஸுக்கு ஒரு அம்பு. இரண்டாவதுக்கு இரண்டு. அப்புறம் ஒரே பனியனில் எங்கே ஒட்டுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. ரிஜெக்ட் கூடையில் போடப் போட, இவ்வளவு கேவலமாகத் தைத்தவன் யாரோ என்பது போலத்தான் இருந்தது. கட்டு முழுக்க அப்படியே கூடைக்குப் போயிற்று. மனசுக்குள் ஏதாவது ஆகும் என்று பார்த்தேன். மத்தியான மணி அடித்தது. எல்லாரும் சாப்பிட எழுந்தார்கள்.

டப்பாவைத் திறந்து சம்சாரம் எனக்குச் சோறு எடுத்து வைத்தாள். ஸ்பூனை எடுக்கக் கையை நீட்டினேன்.

"ஏனுங்க, உங்க வெரல்ல ஸ்டிக்கருங்க."

பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நுனியில் அம்பு ஒட்டிக்கொண்டு இருந்தது. எந்தப் பீஸில் ஒட்டியதாக நினைத்தேனோ. அம்பு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"செக்கிங் பாஸ் ஆகலே போல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஊசி ஏறின நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. ஸ்டிக்கரை நானே எடுக்கலாம் என்று கட்டைவிரலால் தேய்த்தேன். எடுத்துவிட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. "இருங்க" என்று என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ரசம் டப்பாவின் மூடி லூசாக இருப்பதைப் பார்த்து, இடது கையால் அதைத் திருகி மூடினேன். எதிர் டேபிளில் ஒருத்தி இன்னொருத்திக்கு முட்டையில் பாதி கொடுத்தாள். நான் மிஷினில் இருந்த காலத்தில் அவர்களுக்குள் பேச்சு இல்லை.

"சீக்கிரம் எடு புள்ள, சோறு ஆறுது" என்றேன்.

அவள் டப்பாவின் விளிம்பைக் காட்டினாள். அம்பு அங்கே ஒட்டியிருந்தது.

"எப்ப எடுத்தே?"